செவிட்டு முதலாளியின் நாற்காலி

கறுப்புக் குடைக்காரன் பாழுங்கிணற்றின் விளிம்பில் நின்றான். குனிந்து பார்த்தான். தண்ணீரில் தெரிந்த முகம் அவனுடையது அல்ல.

யாகோப்பு அந்த வரியோடு பத்திரிகையை மடித்தார்.

மாடிப்படி முழுக்க உட்கார்ந்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது.

“இப்பிடிக் கெணத்துக்கிட்ட நிப்பாட்டிட்டுப் போனா நாங்க வாரம் பூரா எப்பிடிங்கய்யா கொழுந்து எடுக்குறது?” என்றாள் செபஸ்தியம்மா. பதுளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். படிகளில் மேலிருந்து மூன்றாவது அவளுடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் அன்றைக்குக் கதையோடு செபஸ்தியம்மாவின் வாயையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.

“நானா நிப்பாட்டுனேன்? மதராஸ்ல எழுதுறவன் நிப்பாட்டுறான். அவன்கிட்டப் போய்க் கேளு.”

“வழி சொல்லுங்க, போறேன்.”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஒரு சத்தம். டொக்.

பலகைச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கைவைத்த நாற்காலியில் இருந்த மொஹிதீன் முதலாளி கண்ணைத் திறந்தார்.

“கம்பவுண்டர், அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசிங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

யாகோப்பு பத்திரிகையை விரித்து மறுபடியும் வாசித்தார். கிணற்றில் மறுபடியும் வேறொரு முகம் தெரிந்தது.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. சென்னையில் அச்சான வாரப் பத்திரிகை தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் இறங்கி, மலை ரயிலில் பண்டாரவளை வரை வந்து, அங்கிருந்து தபால் கோச்சு வண்டியில் பதுளைக்கு வந்துசேரும். உறையில் கடல் ஈரமும் கரிப்புகையும் குதிரை வியர்வையும் கலந்து ஒரு வாசனை இருக்கும். பிரித்ததும் முகர்ந்து பார்க்காதவர் அந்த ஊரில் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் கோச்சின் மணி கடைவீதி முனையில் கேட்டால், தராசு பிடித்த கைகூட ஒரு கணம் நிற்கும்.

ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் தோட்டங்களிலிருந்து ஆட்கள் இறங்குவார்கள். அரிசி, கருவாடு, புகையிலை வாங்கி முடித்து, நனைந்த கம்பளிகளை மாடிப்படிக் கைபிடியில் போட்டுவிட்டு உட்காருவார்கள். எழுத்துத் தெரிந்தவர் அவர்களில் அபூர்வம். கதை தெரியாதவர் அதைவிட அபூர்வம்.

வாசகசாலை என்றால் பெரிய மண்டபம் இல்லை. மொஹிதீன் முதலாளியின் துணிக்கடைக்கு மேல்மாடி. உட்கார இரண்டு வாங்கு, ஒரு மேசை, கண்ணாடி போட்ட அலுமாரி, அதைத் திறந்தால் சூட வாசனை. சுவரோரம் அந்தக் கைவைத்த நாற்காலி. தலைவர் என்ற முறையில் மொஹிதீன் மட்டுமே அதில் உட்காருவார். புத்தகங்களைத் தேடித் தருவித்தவர் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் பாக்கியநாதன். உரக்க வாசிப்பவர் யாகோப்பு. தோட்டத்து மருந்துச்சாலையில் கம்பவுண்டர். குரல் என்றால் அது குரல். ராணி பேசினால் ராணியாவார். கள்வன் பேசினால் படியிலிருக்கும் பெண்கள் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

நாற்காலிக்குப் பின்னால் பலகைச் சுவர். அதற்குப் பின்னால் முதலாளியின் வீட்டுப் பக்கம். அங்கே பாயில் அமர்ந்து, பாக்குவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவள் அவர் மனைவி ஸுபைரா.

அவளுக்கு ஓதத் தெரியும். அரபு எழுத்தில் எழுதிய தமிழ்க் கிதாபுகளைத் தடங்கலில்லாமல் வாசிப்பாள். தமிழ் எழுத்தை மட்டும் யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கறுப்புக் குடைக்காரனோ தமிழ் எழுத்தில் மட்டும்தான் நடமாடினான்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் பாதிக் கதை கரைந்துபோகும். வாசகசாலை தொடங்கிய புதிதில் அவள் கணவனிடம் குறைப்பட்டாள்.

“கேக்காட்டிப் பலகையில தட்டுங்க,” என்றார் மொஹிதீன். “மத்தத நான் பார்த்துக்கொள்றன்.”

அப்படித்தான் மொஹிதீன் முதலாளி ஊருக்குச் செவிடரானார். கடைக்கு வந்தவர்கள் சீட்டித் துணியைக்கூடக் கத்திக் கேட்டார்கள். “எங்கட காக்காவுக்கு இடி விழுந்தாலும் தாலாட்டு,” என்று அண்ணனைப் பற்றி அவருடைய தம்பி வாஹித் வாடிக்கைக்காரர்கள் முன்னால் சொல்வான். மொஹிதீன் சிரித்துக்கொண்டே துணி கிழிப்பார்.

“இண்டைக்கு ஒரு கங்காணி என்ட காதுக்குள்ள கத்தின கத்துல மெய்யாவே காது போகப் பாத்திச்சி,” என்பார் சாப்பிடும்போது.

“பேசாம உண்மையச் சொல்லிருங்களேன்.”

“என்னெண்டு? என்ட பொண்டாட்டிக்குக் கதைப் பைத்தியம் எண்டா?”

யாகோப்புக்கும் போகப் போகப் பழகிவிட்டது. டொக் என்றதும் முதலாளி வாய் திறக்கு முன்பே வரி திரும்பிவிடும். ஏன் என்று அவர் கேட்டதில்லை. கோச்சு மணியை ஊரில் முதலில் கேட்கிறவர் இந்தச் செவிட்டு முதலாளிதான் என்பதைக் கவனித்திருந்தார். கவனித்ததோடு சரி.

அந்தப் பாழுங்கிணற்று ஞாயிறுதான் கடைசி.

*

மழையோடு வந்த காய்ச்சல் மொஹிதீனை அந்த வாரமே கொண்டுபோயிற்று.

ஸுபைரா வெள்ளை உடுத்தி இத்தா இருந்தாள். கணவன் மௌத்தானபின் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. அவள் குரலும் அவர்கள் காதில் விழக்கூடாது. அந்த வீட்டு வழக்கம் அது. கணவனின் தம்பி வாஹித்தும் அந்நியர் கணக்கில்தான். ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். அவள் இருந்த அறையின் ஒரு பக்கம் அதே பலகைச் சுவர். ஞாயிறு வந்தது. பலகை பேசவில்லை. அடுத்த ஞாயிறும் பேசவில்லை.

காரணம், பூட்டு.

வாசகசாலையில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. கதவுச் சாவி யாருடைய இடுப்பில் இருக்கிறதோ அவரே தலைவர். மொஹிதீனின் இடுப்புப் பட்டியோடு சாவியும் வாஹித்திடம் போயிற்று. ஊர் கூடாமல் அது எப்படிப் போகலாம் என்று பாக்கியநாதன் கேட்டார். வாஹித் சாவியை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டான். ஒரு நாள் காலையில் பார்த்தால் கதவில் இரண்டாவது பூட்டு. பள்ளிக்கூடத்துப் பூட்டு. வாஹித்தின் பூட்டைவிடப் பெரியது.

“கூரையும் சுவரும் எங்கட. வாத்தியார் வேணுமெண்டாப் புத்தகத்தத் தூக்கிட்டுப் போகட்டும்,” என்றான் வாஹித், கடை வாசலில் நின்று.

“கூரைய வாசிக்க முடியுங்களா முதலாளி?” என்றார் பாக்கியநாதன், தெருவில் நின்று.

“புத்தகத்த மழையில வெச்சி வாசிக்க ஏலுமா வாத்தியார்?”

கடைவீதி இரண்டாகப் பிரிந்தது. தேத்தண்ணிக் கடையில் ஒரு வாங்கு வாஹித்துக்கு, எதிர் வாங்கு வாத்தியாருக்கு. அதிலும் ஒழுங்கில்லை. வாஹித்துக்கு எதிரே, பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் அஸீஸ் வாத்தியார் பக்கம் போய் உட்கார்ந்தார். வாஹித் விற்ற இடுப்புச் சாரம் ஒரே சலவையில் சாயம் போன கோபம் அவருக்கு. தேவாலயத்தில் மணி அடிப்பவர் வாஹித் பக்கம்; அவர் மகனைப் பாக்கியநாதன் பிரம்பால் அடித்திருந்தார். இந்தப் பக்கத்தார் வடை கேட்டால் அந்தப் பக்கத்தார் வடை வேண்டாம் என்றார்கள். நமுனுகுலை மலையில் மேகம் இறங்கினாலும் ஏறினாலும் பேச்சு பூட்டைப் பற்றித்தான்.

தபால்காரர் என்ன செய்வார்? வாரப் பத்திரிகையைக் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டுப் போனார். ஸுபைராவுக்கு ஒவ்வொரு சனியும் அது கேட்டது: காகிதம் பலகைத் தரையில் சறுக்கிக்கொண்டு வந்து நிற்கும் சத்தம். கறுப்புக் குடைக்காரன் அங்கே, இருட்டில், பிரிக்காத உறைக்குள் கிடந்தான். ஒரு பலகைத் தடிப்புத் தூரத்தில்.

அவன் பார்த்தது யாருடைய முகம்?

செபஸ்தியம்மா ஞாயிறு தவறாமல் பின்வாசலுக்கு வந்தாள், மடியில் வல்லாரைக் கீரையோடு. பெண் முகத்துக்குத் தடையில்லை. ஸுபைரா அவளை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னாள்.

“படியில போய் ஒக்காந்து பாத்தேங்கம்மா. பூட்டுத்தான் ரெண்டு தொங்குது. கூட வந்தவளுக ‘சரி, பூட்டையாச்சும் வாசிப்போம்’னு சிரிக்கிறாளுக.”

“கம்பவுண்டர் வந்தாரா?”

“வந்தாரு. பூட்ட ஒருக்கா இழுத்துப் பாத்துட்டு, கம்பளியப் போத்திக்கிட்டுப் போயிட்டாரு. அது யாரு மூஞ்சிம்மா, கெணத்துல தெரிஞ்சது? எங்க லயத்து வீடுகள்ல ஒரே சண்டை. நான் அவனோட அண்ணன்காரன் மூஞ்சின்னு சொல்றேன். எம் மருமக பேயிங்கிறா.”

“அண்ணன்தான் முந்தியே செத்துட்டானே.”

“அதனால என்னாங்கம்மா? செத்தவங்க மூஞ்சி தண்ணியில தெரியாதா?”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஸுபைராவின் விரல்கள் நின்றன.

“தெரியும்,” என்றாள்.

*

வாஹித்தின் மனைவி ஹம்ஸியாவுக்குக் கதை பிடிக்காது. அப்படித்தான் அவள் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸுபைராவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அரிசியில் கல் பொறுக்குவாள். யாகோப்பு கள்வனின் குரலை எடுத்தால் மட்டும் கல்லைச் சுளகில் விட்டுவிட்டு அரிசியை எறிவாள்.

ஒரு நாள் அவள் ஓடிவந்தாள்.

“ராத்தா, ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி. வார ஞாயிறு கூட்டம். ரெண்டு பேரும் அவங்கவங்கட பூட்டத் தொறக்கப் போறாங்க.”

“யாரு தலைவர்?”

“அதுக்கும் சேத்துத்தான் கூட்டம். ஆனா ஒரே ஒரு விஷயத்துல ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டாங்க. அதுதான் கெட்ட செய்தி.” ஹம்ஸியா குரலைத் தாழ்த்தினாள். “ஞாயித்துக்கிழம வாசிப்பு இனி இல்ல.”

ஸுபைரா நிமிர்ந்தாள்.

“இவருக்குக் கூட்டம் கடை வாசல மறைக்குதாம், படியெல்லாம் வெத்திலக் கறையாம். வாத்தியார் கண்டியில ஒரு வாசகசாலையப் பாத்துட்டு வந்தாராம். அங்க இருமக்கூட ஏலாதாம். இங்கயும் அப்பிடித்தான் இருக்கணுமாம். யாரு நாக்காலியில ஏறினாலும் மொதல் வேலை அதுதானாம்.”

மாதக்கணக்கில் ஊர் யார் தலைவர் என்று சண்டையிட்டது. ஸுபைராவுக்கு இப்போது விளங்கியது: யார் வென்றாலும் அவளுக்கு ஒன்றுதான். செபஸ்தியம்மாவின் படி போகும். இந்தப் பலகை ஊமையாகும். மொஹிதீன் ஊருக்கெல்லாம் செவிடராக இருந்து காப்பாற்றிய ஒரே ஒரு பொருள், அவருடைய நாற்காலிக்காகவே விலை போகும்.

“உங்கட மாப்பிள்ளையிட்டச் சொல்லுங்க. வாசிப்ப நிப்பாட்ட வேணாமாம், அது காக்காட ஆசையாம் எண்டு.”

ஹம்ஸியா கணவனிடம் போனாள். போன வேகத்தில் வந்தாள்.

“ஏச்சுத்தான் கெடச்சுது. மதினி இத்தாவுல இருக்காங்க, ஊர்ச் சண்டைய அவங்கட காதுல என்னத்துக்குப் போடுறீங்களாம். இத்தா முடியட்டுமாம், பேசலாமாம்.”

“தட்டுற கதைய?”

“அதச் சொன்னா நம்புவாரா? காக்கா செவிடெண்டு ஊரெல்லாம் சிரிக்க வெச்ச வாயி அது.”

இத்தா முடிந்து தான் வாய் திறக்கும்போது அந்தத் தீர்மானத்துக்குத் தூசு படிந்திருக்கும் என்று ஸுபைராவுக்குத் தெரியும். கூட்டம் நடக்கப்போவது அவளுடைய முதுகுக்குப் பின்னால், எட்டித் தொடும் தூரத்தில். அங்கே ஒரு சொல் சொல்ல அவளால் முடியாது.

*

ஞாயிறு. முதலில் ஒரு பூட்டு திறந்தது. பிறகு மற்றது. அதன் பிறகு யாரும் உள்ளே வரவில்லை.

“நீங்க போங்க முதலாளி.”

“இல்ல, வாத்தியார் போங்க. படிச்சவங்க முந்தி.”

கடைசியில் இருவரும் ஒன்றாக நுழைந்து நிலையில் இடித்துக்கொண்டார்கள். படியில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்.

பலகை இடுக்கு வழியாகச் சூட வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் ஒன்றாக வந்தன. ஸுபைரா கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது எல்லாம் காதுதான். தரையில் கிடந்த பத்திரிகைகளைக் குனிந்து பொறுக்கி, தூசியை ஊதி மேசையில் வைப்பவர் யாகோப்பு. பேசுமுன் தொண்டையைச் செருமுபவர் பாக்கியநாதன். மூன்றாம் படி முனகுகிறது, செபஸ்தியம்மா வந்துவிட்டாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. பலகையில் ஒரு முதுகு சாய்ந்தது. பழைய முதுகைவிடக் கனமானது.

“அது தலைவர் நாக்காலிங்க முதலாளி,” என்றார் பாக்கியநாதன்.

“அதாலதான் உக்காந்தன்.”

“தலைவர் யாருன்னு இன்னும் முடிவாகல.”

“முடிவாகுற வரைக்கும் நிண்டுக்கிட்டு இருக்க எனக்குக் கால் பெலனில்ல.”

“சரி, ஒக்காந்துக்கங்க. நாக்காலி கொஞ்சம் ஆடும், கவனம்.” பாக்கியநாதன் செருமினார். “மொதல்ல ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட விஷயத்த முடிச்சிருவோம். யாகோப்பு, வாசிங்க.”

யாகோப்பு செயலாளரும்தான். காகிதம் சரசரத்தது.

“இவ்வாசகசாலையின் கண்ணியமும் அமைதியும் பங்கமுறாவண்ணம், ஓய்வு நாட்களில் நிகழ்ந்துவரும் உரத்த வாசிப்பானது இன்று முதல் ரத்தாவதுடன், நூல்களும் பத்திரிகைகளும் அங்கத்தவர்களால் மௌனமாகவே வாசிக்கப்படக் கடவன.”

உயிரில்லாத குரல். அந்தக் குரலை ஸுபைரா அதுவரை கேட்டதில்லை. கள்வனும் இல்லை, ராணியும் இல்லை, யாகோப்புகூட இல்லை.

படியில் யாரும் அசையவில்லை. அந்தத் தமிழ் அவர்களுடைய தலைக்கு மேலால் போயிற்று. கீழ்ப்படியில் ஒருவர் மரியாதைக்காக “ஆமாங்க” என்றுகூடச் சொன்னார்.

“அப்ப ஆட்சேபம் ஒண்ணும் இல்ல. தீர்மானம்...”

ஸுபைரா பாக்குவெட்டியை எடுத்தாள்.

ஹம்ஸியா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். “ராத்தா. இத்தா.”

“நான் வாயத் தொறக்கல்லயே,” என்றாள் ஸுபைரா மூச்சுக்குள்.

மணிக்கட்டில் பிடி ஒரு கணம் இறுகியது. பிறகு தளர்ந்தது.

“கள்வன்ட குரலக் கேட்டு எனக்கும் எத்தன நாளாச்சு,” என்று முணுமுணுத்துவிட்டு ஹம்ஸியா சுளகைப் பார்க்கத் தொடங்கினாள்.

டொக்.



யாகோப்பின் வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. “...ஓய்வு நாட்களில் நிகழ்ந்துவரும் உரத்த வாசிப்பானது இன்று முதல் ரத்தாவதுடன்...”

“என்ன அது? முதுகுல இடிச்சாப் போல,” என்றான் வாஹித்.

“ஏன் யாகோப்பு திருப்பி வாசிக்கிறீங்க?” என்றார் பாக்கியநாதன்.

“பழக்கங்க. அந்தச் சத்தம் வந்தா திருப்பி வாசிக்கணும்.”

“யாரு சொன்னது?”

“மொஹிதீன் முதலாளி.”

டொக்.

யாகோப்பு மூன்றாம் முறை காகிதத்தைத் தூக்கினார். தூக்கியவர் வாசிக்கவில்லை. காகிதம் மேசையில் விழும் சத்தம் ஸுபைராவுக்குக் கேட்டது. அதன் பின் கேட்டது அவளுக்குப் பழக்கமான குரல். கிணற்றங்கரையில் ஆளை நிறுத்தி வைக்கும் அதே குரல்.

“இந்தாங்க, எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே ஞாயித்துக்கிழம நான் வாசிக்கக் கூடாதாம். நீங்க படியில ஒக்காரக் கூடாதாம். எழுத்துத் தெரிஞ்சவங்க மட்டும் உள்ள வந்து, வாய மூடிக்கிட்டுப் படிச்சிட்டுப் போகணுமாம். இதுல எழுதியிருக்கது அவ்வளவுதான்.”

படிகள் முனகின. ஒன்றல்ல, எல்லாம்.

“நான் ஆமாங்கன்னது இதுக்கில்லைங்க,” என்றார் கீழ்ப்படிக்காரர்.

“அப்ப கெணத்துல தெரிஞ்ச மூஞ்சி?” என்றாள் செபஸ்தியம்மா.

அவள் எழுந்து நின்றுவிட்டாள் என்பது குரல் வந்த உயரத்தில் தெரிந்தது. “இல்ல, கேக்குறேன். பூட்டுத் தொறந்ததும் தெரிஞ்சிரும்னு சொல்லித்தான் எங்க லயத்துல சண்டைய நிப்பாட்டி வச்சிருக்கேன். இப்பப் போய் நான் என்னா சொல்றது? யாருக்கும் தெரியக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுட்டாங்கன்னா?”

வாஹித்துக்கு அவளுடைய கேள்வியைவிடப் பெரிய தொல்லை முதுகுக்குப் பின்னால் இருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் யார் என்று ஊர் கேட்டால் வீட்டு மானம் என்னாவது?

“எலி,” என்றான். “பலகைக்குள்ள எலி.”

பாக்கியநாதனுக்கு எதிராளியைக் கவிழ்க்க ஒரு கேள்வி போதும். ஸுபைரா பாக்குவெட்டியை மடியோடு அமுக்கிக்கொண்டாள். பாக்கியநாதன் செருமினார்.

“எலிதான்,” என்றார். “மலைநாட்டு எலி. பொல்லாதது.” குரல் யாகோப்பின் பக்கம் திரும்பியது. “யாகோப்பு, அந்த எலி மொஹிதீன் முதலாளி காலத்துலயும் இருந்திச்சிங்களா?”

“இருந்திச்சிங்க. ஞாயித்துக்கிழம மட்டும்.”

“அது தட்டுன பிறகுதான் முதலாளி ‘காது மந்தம், திருப்பி வாசிங்க’ன்னு சொல்வாரா?”

“ஆமாங்க.”

“மத்த நேரம்?”

“மத்த நேரம் கோச்சு மணிய எனக்கு முன்னாடி அவரு கேட்டிருக்காருங்க.”

பலகையில் சாய்ந்திருந்த முதுகு மெல்ல விலகியது. நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டு அடங்கிற்று. வாடிக்கைக்காரர் முன்னால் தான் சொன்ன இடியும் தாலாட்டும் வாஹித்துக்கு இப்போது திரும்பக் கேட்டிருக்க வேண்டும். அவற்றை ஒவ்வொரு நாளும், ஒரு எழுத்து விடாமல், காக்கா கேட்டுக்கொண்டே துணி கிழித்திருக்கிறார்.

“அப்ப விஷயம் இதுதான்,” என்றார் பாக்கியநாதன். குரலில் பள்ளிக்கூடம் இல்லை. “இந்த நாக்காலியில யாரு ஒக்காந்தாலும் அவருக்குக் காது மந்தமா இருக்கணும். ஊரு பூரா கத்தும், சிரிக்கும். நான் புத்தகத்துக்காகத்தான் இந்த நாக்காலிக்கு ஆசப்பட்டேன், மறைக்கல. ஆனா செவிட்டு வாத்தியாரா நடிக்க எனக்கு வராதுங்க. பிள்ளைக ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருவானுக.” படி சிரித்தது. “கண்டி கண்டியாவே இருக்கட்டும். அந்தத் தீர்மானத்துல எம் பேர எடுத்திருங்க.”

இரும்பு மரத்தில் படும் சத்தம். அவர் தம் சாவியை மேசையில் வைத்துவிட்டார்.

வாஹித்தின் சாவி மேசைக்கு வரவில்லை. ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை.

யாகோப்பு காத்திருந்து பார்த்தார். பிறகு ஒரு உறையைக் கிழித்தார். முகர்ந்து பார்க்கும் சத்தம்கூட ஸுபைராவுக்குக் கேட்டதுபோல் இருந்தது.

“கிணற்றில் தெரிந்த முகம்...” என்று அவர் தொடங்கினார்.

மழை. யாரோ கூரையில் கூடை கூடையாகக் கல் கொட்டியதுபோல் தகரம் அலறிற்று. குரல் கரைந்தது. அடுத்த வரி போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று.

ஸுபைரா பாக்குவெட்டியின் பிடியைப் பலகையில் வைத்தாள். அவள் தட்டினால் இந்த முறை பதில் சொல்ல வேண்டியது நாற்காலி. நாற்காலி வாயே திறக்காவிட்டால்? எலி எலியாகவே போய்விடும்.

டொக்.

யாகோப்பு நிறுத்திவிட்டார். பழக்கம் இந்த முறை முந்திக்கொள்ளவில்லை, அவர் விடவில்லை. மழை மட்டும் பேசியது. மேசையும் வாங்கும் படியும் கைவைத்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஸுபைராவுக்குத் தெரியும்.

பலகையில் ஒரு முதுகு சாய்ந்தது. மெல்ல, இடம் தேடிச் சாய்வதுபோல்.

“கம்பவுண்டர்,” என்றான் வாஹித். “அந்த வரிய இன்னொருக்கா வாசிங்க.”

மழை.

“எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

*

கிணற்றில் தெரிந்தது அண்ணன்காரன் முகம்தான். அவன் சாகவே இல்லை; கிணற்று மதிலில் ஏறி, தம்பியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். செபஸ்தியம்மா அன்று லயத்துக்குப் போன போக்கை அவளுடைய மருமகள் கடைசிவரை மறக்கவில்லை. சேர்ந்து கிடந்த பத்திரிகைகளை எல்லாம் ஒரே இருப்பில் வாசிக்கச் சொல்லிக் கூட்டம் அடம்பிடித்தது. யாகோப்பு முடியாது என்றார். ஞாயிற்றுக்கு ஒன்றுதான். சண்டை பிடித்ததற்கு அது தண்டனை என்றார். உண்மையில் அவருக்கும் அது தீர்ந்துபோக மனமில்லை.

தலைவர் யார் என்று அந்தக் கூட்டம் முடிவெடுத்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. சாவி வாஹித்தின் இடுப்பில் இருந்தது. அலுமாரி பாக்கியநாதனின் பொறுப்பில் இருந்தது. படியில் வெற்றிலை துப்பினால் செபஸ்தியம்மா பார்த்துக்கொண்டாள்.

பிற்பாடு ரயில் பதுளைக்கே வந்தது. பத்திரிகையும் ஒரு நாள் முந்தி வந்தது. உறையில் கரிப்புகை மட்டும் மணத்தது. குதிரை வியர்வை போய்விட்டது. முகர்ந்து பார்க்கிறவர்களும் மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். அந்தப் படியில் உட்கார்ந்தவர்கள் இப்போது எந்தெந்த மலையில் யாருக்கு அந்தக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ.

ஆனால் அது பிறகு. கூட்டம் நடந்த அந்த வாரத்திலேயே, கடைக்கு வந்த ஒரு கங்காணி வாஹித்தின் காதருகே குனிந்து வீதிக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார், வெள்ளைச் சீலை வேண்டும் என்று. வாஹித் கண்ணில் நீர் வர, தலையாட்டிக்கொண்டே துணியை எடுத்தான்.

“காக்கா இத எப்பிடித்தான் பொறுத்தாரோ எண்டு கேக்குறாரு,” என்றாள் ஹம்ஸியா வந்து.

மொஹிதீன் மௌத்தானபின் ஸுபைரா அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். “பழகிடுமாம் எண்டு சொல்லுங்க.”

சனிக்கிழமை பின்னேரம் கடைவீதி முனையில் கோச்சின் மணி கேட்டது. வீதியில் வேறு யாரும் தலை திருப்புமுன், கல்லாவிலிருந்து வாஹித் எழுந்துவிட்டான். எழுந்தவன் எதிர்க் கடையிலிருந்து அஸீஸ் தன்னையே பார்ப்பதைக் கண்டான். ஒன்றும் கேட்காதவன்போல மெல்ல உட்கார்ந்து, மணி வாசலுக்கு வரும்வரை துணியை மடித்துக்கொண்டிருந்தான்.